களஞ்சியத் தானியத்தை வண்டினின்று காக்கும் தாவர மருந்துகள்

தை மாதத்தில் களத்திலே உளுந்தும் பாசிப்பயறும் குவிந்திருக்கும்போது விலை தாழ்ந்திருப்பதும், சில மாதங்கள் கழித்து அதே பயற்றை விதைக்கும் வீட்டுச் செலவுக்குமாகக் கடையில் வாங்கப் புகுங்கால் விலை ஏறியிருப்பதும் மதுரை ஜில்லாக் குடியானவர்கள் அறியாத விஷயமன்று. அறிந்திருந்தும் திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிப் புஞ்சைக்காரர்களிற் பலர் அறுவடையானவுடனே விற்றுவிடுகிறார்கள். வாங்கிய கடனுக்குத் தவணை வந்துவிடுவது ஒரு காரணம். மற்றொரு காரணம் வெளியிலே அதிகமாகப் பேசப்படுவதில்லை. வைத்திருந்தால் வண்டு வைத்துவிடும் என்ற அச்சமே அது. கடனுக்கு வழி காண்பது ஒரு புறமிருக்க, இந்த இரண்டாவது அச்சத்தைக் குடியானவரே தம் வீட்டு முற்றத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு பெரும்பாலும் நீக்கிக்கொள்ளக்கூடும். அதற்கு வேண்டிய வேப்பங்கொட்டை தெருவோரத்தில் உதிர்ந்து கிடக்கிறது. வசம்பு மதுரைக் கடைவீதியிலுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் எதை, எதன்மீது, எப்பொழுது இடவேண்டும் என்பதை அறியாமல் இடுவதால்தான் பலர், “வேப்பிலை போட்டும் உளுத்துப் போயிற்று” என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

ஆகையால் மருந்தைச் சொல்லுமுன் பூச்சியைச் சொல்லவேண்டும்.

பயற்றில் வட்டமான சிறு துளையைக் கண்டவுடன், வண்டு வெளியிலிருந்து துளைத்து உள்ளே புகுந்துவிட்டது என்று எண்ணுவது வழக்கம். உண்மை அதற்கு நேர்மாறானது. அத்துளை வண்டு புகுந்த வாயில் அன்று. அது பிறந்து வெளியேறிய வாயில். பெண் வண்டு பயற்றின் வழவழப்பான தோலின்மீது, வெண்மையாய்க் குண்டூசி முனையளவில் தோன்றும் முட்டைகளை ஒட்டவைக்கிறது. நாலைந்து நாளில் முட்டைக்குள் உருவான புழு, முட்டையின் அடிப்பக்கத்தையும் அதன் கீழுள்ள பயற்றுத் தோலையும் ஒருசேரத் துளைத்து நேரே பருப்புக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு கணமும் அது வெளியில் நடமாடுவதில்லை. பருப்பைத் தின்று வளர்ந்து, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாய் வெளிவருகிறது. வெளிவந்த வண்டு பயற்றைத் தின்பதே இல்லை. அது உயிரோடிருக்கும் பத்துப் பதினைந்து நாளும் இணை சேர்வதும் முட்டையிடுவதுமே அதன் தொழில். எனவே கண்ணுக்குத் தெரிகிற வண்டைக் கொல்வதனால் மட்டும் பயன் விளைவதில்லை. தின்கிற உயிர் பருப்புக்குள்ளே ஒளிந்திருக்கிறது. அங்கே எந்தச் சாறும் எந்தத் தூளும் எட்டாது.

இதனோடு மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். பயறு வண்டு களஞ்சியத்தில் மட்டும் தோன்றுவதன்று. செடியில் நெற்று முற்றிக் காயும் சமயத்திலேயே பறந்து சென்று நெற்றின்மேல் முட்டையிடுகிறது. களத்திலிருந்து வரும் பயறு பார்வைக்கு மாசற்றதாய் இருப்பினும், அதில் சில மணிகள் புழுவைச் சுமந்துகொண்டே குலுக்கைக்குள் புகுகின்றன. ஒரு பெண் வண்டு ஏறக்குறைய எண்பது முட்டை இடுகிறது. அவற்றில் பாதியே வண்டாகிறது என்றும், அதிலும் பாதியே பெண் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் மாத முடிவில் 40 வண்டு. இரண்டாம் மாத முடிவில் 800. மூன்றாம் மாத முடிவில் 16,000. தையில் கட்டிவைத்த மூட்டையை மாசியில் பிரித்தால் ஒன்றும் தெரியாமலிருப்பதும், சித்திரையில் பிரித்தால் கைவைக்க முடியாமல் மாவாகக் கொட்டுவதும் இந்தக் கணக்கினால்தான். மருந்திடவேண்டிய காலம் துளை தெரியும் காலமன்று; பயறு சுத்தமாய்த் தோன்றும் முதல் வாரமே.

இனி வேப்பெண்ணெயின் வேலை எளிதில் விளங்கும். முட்டை பயற்றின் மேற்புறத்தில் இருக்கிறது. அதுவும் மூச்சுவிடும் உயிர். பயற்றின்மீது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஏறினால் முட்டைக்குள் காற்றுப் போவது தடைப்பட்டுக் கரு மடிந்துவிடுகிறது. அதன் பின்னர் வந்து உட்காரும் பெண் வண்டும் எண்ணெய்ப் பசையுள்ள தோலில் முட்டையிடத் தயங்குகிறது. இட்ட முட்டையும் சரியாய் ஒட்டுவதில்லை. இக்காரியத்துக்கு வேப்பெண்ணெய்தான் வேண்டுமென்பதில்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய் எதுவாயினும் முட்டையை மூச்சடைக்கச் செய்யும். துவரைக்கும் பருப்புக்கும் ஆமணக்கெண்ணெய் தடவி வைக்கும் நம் வீட்டுப் பாட்டிமாரின் பழக்கம் வெறும் சம்பிரதாயமன்று. வேப்பெண்ணெய்க்குரிய சிறப்பு யாதெனில், மூச்சடைப்பதோடு அதன் கசப்பும் நெடியும் வண்டை அண்டவிடாமல் செய்வதே.

அளவு ஒரு கிலோ பயற்றுக்கு 5 மில்லி லிட்டர். நூறு கிலோவுக்கு அரை லிட்டர். ஓர் ஏக்கர் உளுந்து விதைக்கச் சுமார் 8 கிலோ விதை வேண்டும். அதற்குத் தேவையான எண்ணெய் 40 மில்லி லிட்டரே. இவ்வளவு சிறிய அளவு எல்லா மணிக்கும் எட்டவேண்டுமாகையால் மூட்டையின் தலையில் ஊற்றிக் குலுக்குவது வீண். ஐந்து கிலோவுக்கு மேற்படாமல் அகன்ற பாத்திரத்தில் பரப்பி, எண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு, மணிதோறும் பளபளப்பு ஏறும்வரை பொறுமையாய்ப் பிசறவேண்டும். பெண்மக்கள் முறுக்கு மாவுக்கு எண்ணெய் பிசறும் பக்குவம் இதற்குச் சரியான பக்குவம். பின்பு சிறிது நேரம் நிழலில் உலரவிட்டு மூட்டை கட்டலாம். இந்த அளவில் பூசப்பட்ட பயறு முளைப்புத் திறனை இழப்பதில்லை. ஐயமுள்ளவர் விதைக்குமுன் நூறு மணிகளை ஈரச் சாக்கில் சுருட்டிவைத்து எண்ணிப் பார்க்கலாம். உளுந்து விதைக்கு நூற்றுக்கு 75 முளைக்கவேண்டும் என்பது விதைச் சான்றளிப்பில் வகுத்துள்ள அளவு.

சமையலுக்கு வைத்திருக்கும் பயற்றில் வேப்பெண்ணெயைப் பூசாமலிருப்பதே நலம். குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்து உயிருக்கு ஆபத்து நேர்ந்த சம்பவங்கள் வைத்தியர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளன. சாப்பாட்டுப் பயற்றுக்குக் கடலை எண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ போதும். அதையும் கழுவிச் சமைக்கவேண்டும். அதனினும் எளிய உபாயம் பயற்றை உடைத்துப் பருப்பாக்கிவிடுவது. முழுமணியின் வழவழப்பான தோலையே வண்டு முட்டையிடத் தேடுவதால், தோல் நீக்கி உடைத்த பருப்பில் அது நன்றாய்ப் பெருகுவதில்லை. துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்திவைக்கும் வழக்கமும், பானையில் போட்ட பயற்றின்மேல் நாலு விரற்கடை உலர்ந்த மணலைப் பரப்பிவைக்கும் வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்தவையே. மணலுக்கடியில் பிறந்த வண்டு மேலே வர முடியாது. மேலேயுள்ள வண்டு கீழே இறங்கவும் முடியாது. இவற்றில் மருந்து என்பதே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

நெல்லின் சமாசாரம் வேறு. மேலூர்ப் பக்கத்துப் பெரியாற்றுப் பாசன நெல்லைப் பட்டறையிலும் குலுக்கையிலும் கொட்டிவைப்பவர்களுக்கு முக்கியமான விரோதி அந்துப்பூச்சி. உமி முழுதாய் மூடிய நெல்லில் அரிசிக் கூன்வண்டுக்கு எளிதில் வேலை இல்லை. உமி விண்ட மணியிலும் அரிசியிலும் சோளத்திலும்தான் அது பெருகும். அக்கூன்வண்டு நீண்ட மூக்கினால் மணியைக் குடைந்து, அதற்குள் முட்டையிட்டு, மேலே பசை போன்ற பொருளால் மூடியும்விடுகிறது. பயறு வண்டின் முட்டையைப் போல் அது வெளியில் இல்லாததால், எண்ணெய்ப் பூச்சு பயற்றில் தரும் பலனை அரிசியில் எதிர்பார்க்கலாகாது. இதை அறியாமல் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்து, பின்பு மருந்தைக் குறை கூறுவோர் அநேகர். அந்துப்பூச்சியோ மென்மையான சிறகுடையது. குவியலுக்குள் ஆழமாய்ப் புகமாட்டாது. மேலே ஓரடி நெல்லைத்தான் பெரும்பாலும் கெடுக்கிறது. ஆகையால் நெற்குவியலின் மேற்பரப்பைக் காப்பதே அதற்கு எதிரான காவல்.

இவ்விடத்தில் சாறு என்பதைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. வேப்பம்பருப்பை இடித்து நீரில் ஊறவைத்து வடித்த சாற்றை வயலில் தெளிப்பது போலவே தானியத்தின்மீதும் தெளிக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது பெரும் பிழை. காய்ந்த தானியத்துக்கு நீரே முதற் சத்துரு. ஈரம் ஏறிய தானியத்தில் வண்டு விரைந்து பெருகும். பூஞ்சைக் காளானும் பிடிக்கும். சாற்றை இடவேண்டிய இடம் தானியமன்று, அதைக் கட்டும் சாக்கு. ஒரு கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் தூளாக்கிப் பத்து லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாட் காலையில் துணியில் வடிகட்டி, அந்நீரில் சாக்குகளை அரைமணி நேரம் அமிழ்த்தி, நிழலில் ஈரமறக் காயவைத்துப் பின் தானியம் கட்டவேண்டும். வேம்பின் சத்து வெயிலில் சிதைவுறுமாதலால் வெயிலில் காயப்போடலாகாது. போன வருஷத்துச் சாக்கின் நெசவிடுக்குகளில் வண்டும் புழுவும் ஒளிந்திருப்பதால், முதலில் அவற்றைக் கொதிநீரில் முக்கியெடுத்துக்கொள்வது உத்தமம். புதுத் தானியத்துக்கு வரும் கேட்டில் பெரும்பங்கு பழைய சாக்கின் மூலமாகவே வருகிறது.

வேம்பின் சத்து எப்படி வேலை செய்கிறது என்பதையும் குடியானவர் அறிந்திருத்தல் நலம். இல்லையேல் அதனிடத்தில் ஆகாத காரியத்தை எதிர்பார்ப்பார்கள். 1962ஆம் வருஷம் டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பிரதான் என்னும் பூச்சியியல் நிபுணரும் அவருடன் உழைத்தவர்களும் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிரில் தெளித்து வெட்டுக்கிளியைச் சோதித்தனர். வெட்டுக்கிளி பயிரில் வந்து இறங்கியது, ஆனால் தின்னவில்லை. 1968இல் இங்கிலாந்தில் கீல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரசாயன நிபுணர்கள் அச்சத்தைத் தனியே பிரித்தெடுத்து அசாடிராக்டின் என்று பெயரிட்டனர். அதன் அமைப்பு முழுவதும் விளங்க 1985 வரையிலும், ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாய் உண்டாக்க 2007 வரையிலும் சென்றது. நம் வீட்டு வாசலில் நிற்கும் மரம் அநாயாசமாய்ச் செய்யும் பொருளை மனிதர் செய்ய இவ்வளவு காலம் பிடித்தது வியப்புக்குரியதே. இச்சத்து பூச்சியை உடனே கொல்வதில்லை. தின்னவொட்டாமல் தடுக்கிறது, புழு சட்டை கழற்றி வளர்வதைக் குலைக்கிறது. ஆகவே இன்று இட்டு நாளைக்குச் செத்த வண்டைத் தேடுகிறவர் ஏமாறுவார். மேலும் இச்சத்து மிகுதியாயிருப்பது பருப்பிலே. இலையில் மிகவும் குறைவு. வேப்பிலைக் கொத்தை மூட்டைக்குள் செருகுவதால் கிடைக்கும் பயன் சொற்பமென்பதற்குக் காரணம் இதுவே.

பச்சை இலையைச் செருகுவது பயனற்றது மட்டுமன்று, கேடும் விளைப்பது. வேப்பிலையாயினும் நொச்சியாயினும் புங்கிலையாயினும் பச்சையாய் இட்டால் அதிலுள்ள ஈரம் சுற்றியுள்ள தானியத்துக்கு ஏறி, அவ்விடத்திலேயே காளான் பூக்கும். இலை இடுவதாயின் நிழலில் சருகாய் உலர்த்தி, நொறுக்கி, நெற்குவியலின் மேற்பரப்பில் தடிப்பாய்ப் பரப்பவேண்டும். அங்கேதான் அந்துப்பூச்சி வந்திறங்குகிறது. நெடி அடங்கியதும் நொச்சியின் பலனும் அடங்கிவிடும். மாதமொருமுறை புதிதாக்க வேண்டும்.

வசம்பு இவற்றைக் காட்டிலும் வலியது. கைக்குழந்தைக்குக் காப்பாய்க் கட்டுவதும், பிள்ளை வளர்ப்பான் என்றும் பேர் சொல்லா மருந்து என்றும் பெண்கள் வழங்குவதும் இந்த வசம்பையே. 1977ஆம் வருஷம் ஜம்முவிலிருந்த பிராந்திய ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்தவர்கள், வசம்பெண்ணெயிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் பூச்சிகளை மலடாக்குகிறதென்று கண்டு வெளியிட்டனர். அதாவது வண்டு உயிரோடிருந்தும் சந்ததி பெருகாது. நன்றாய் உலர்ந்த வசம்புக் கிழங்கை இடித்துச் சலித்து, நூறு கிலோ விதைக்கு ஒரு கிலோ வீதம் கலந்துவைக்கலாம். ஆனால் அதே பீட்டா அசரோன் எலிகளுக்குத் தொடர்ந்து கொடுக்கப்பட்டபோது புற்றுநோய் விளைத்ததென்று சோதனைகளில் தெரிந்தமையால், அமெரிக்க சர்க்கார் 1968இலேயே வசம்பை உணவுப் பொருள்களில் சேர்ப்பதைத் தடுத்துவிட்டது. எனவே வசம்புத் தூள் விதைக்கு மட்டுமே உரியது. வசம்பிட்ட மூட்டையைத் தனியே வைத்து, விதைமூட்டை என்று சாயத்தால் அடையாளமிடவேண்டும். பஞ்சகாலத்தில் விதைநெல்லையும் குற்றித் தின்பது மனித இயல்பு. அடையாளமில்லாத மூட்டை என்றாவது ஒருநாள் அடுப்புக்குப் போகும்.

கடையில் விற்கும் விஷங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் தானியச் சேமிப்பிலும் புகுந்திருந்த பி.எச்.சி. தூள் 1997இலும், லிண்டேன் 2013இலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. மிச்சமிருக்கும் பழைய பொட்டலத்தை எவரேனும் எடுத்துத் தந்தாலும் தொடலாகாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னும் கிடங்குகளில் உபயோகமாகிறது. அது காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவாகப் பரவி, தானியத்தின் உள்ளிருக்கும் புழுவையும் கொல்லவல்லது. தாவர மருந்துகளுக்கு இல்லாத வலிமை அது. ஆனால் மனிதனையும் அவ்வாறே கொல்லும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. ஆதலால் பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில், ஆள் குடியிராத கிடங்கில், காற்றுப் புகாத உறைகளின் கீழ் மட்டுமே அதைக் கையாள வேண்டும். மனிதர் படுத்துறங்கும் அறையில் அடுக்கிய மூட்டைக்குள் இம்மாத்திரையை இட்டுக் குடும்பத்தையே இழந்தவர்கள் உண்டு.

எந்த மருந்தாயினும் காய்ச்சலே அதற்கு அஸ்திவாரம். நெல் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு ஈரத்துக்கும், பயறு பத்துப் பங்குக்கும் மேற்படாமல் காயவேண்டும். ஈரமானி இல்லாத வீட்டில் பல்லே கருவி. பயறு கடிபடும்போது நசுங்காமல் கடுக்கென்று உடையவேண்டும். வெயிலில் சூடேறிய தானியத்தை அந்தச் சூட்டோடு கட்டினால் இரவில் உள்ளே வியர்க்கும். மாலையில் நிழலில் பரப்பி ஆறவிட்டே கட்டவேண்டும். பயற்றை மெல்லியதாய்ப் பரப்பிச் சித்திரை வெயிலில் காய்ச்சினால், மணிக்குள்ளிருக்கும் புழுவும் ஓரளவு மடியும். மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின்மீது அடுக்குதல், சுவர் வெடிப்புகளை மண்ணால் பூசி வெள்ளையடித்தல், பழைய தானியத்தின்மேல் புதியதைக் கொட்டாதிருத்தல் ஆகியவை எல்லாரும் அறிந்தவை, செய்பவர்தாம் குறைவு. குலுக்கையின் வாயைச் சாணமும் மண்ணும் குழைத்து அடைத்துவிடும் பழைய முறையில் நல்ல நியாயமிருக்கிறது. உள்ளே அடைபட்ட பூச்சி தானிருக்கும் காற்றைத் தானே செலவழித்துவிட்டு மடியும். மேற்காப்பிரிக்காவில் தட்டைப்பயற்றை இதே வண்டினின்று காப்பதற்கு, 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறைகள் கொண்ட காற்றுப்புகாப் பை பரவியிருப்பதும் இந்த நியாயத்தினாலேயே. ஆனால் குலுக்கையை வாரந்தோறும் திறந்து அள்ளுகிற வீட்டில் இது பலிக்காது; அன்றாடச் செலவுக்கு வேறு பாத்திரம் வேண்டும்.

ஏற்கெனவே துளை விழுந்துவிட்ட பயற்றைக் கண்டால் எண்ணெய் பூசிப் பயனில்லை. சலித்து வண்டை நீக்கி வெயிலில் காயவைத்து, நல்ல மணிகளை உடனே உடைத்துப் பருப்பாக்கவேண்டும். அதை விதையில் கலக்கலாகாது. சுத்தமான மூட்டைக்கருகில் ஓரிரவு வைத்திருத்தலும் ஆகாது. வண்டு இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிவதற்குக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துளையிட்ட குழாய்ப் பொறி ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். தானியத்துக்குள் அதைச் செருகிவைத்தால், காற்றை நாடி ஊர்ந்துவரும் வண்டு துளை வழியே விழுந்து அடியிலுள்ள கூம்பில் சிக்கிக்கொள்ளும். இரண்டொரு வண்டு விழுந்தவுடனேயே விழித்துக்கொள்ளலாமாதலால் இது வீட்டுக் களஞ்சியத்துக்கும் ஏற்றது. இவ்வகை விஷயங்களில் ஆலோசனை வேண்டுவோர் யானைமலை ஒத்தக்கடையில் 1965இல் தொடங்கப்பெற்ற வேளாண்மைக் கல்லூரியை நாடலாம்.

தவணையைப் பொறுத்தவரை, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் தானியத்தை ஈடாக வைத்துக் கடன் பெறும் ஏற்பாடு இருக்கிறது. அவ்வாறு ஈடு வைக்கப்பட்ட மூட்டை வண்டு தின்று எடை குறைந்தால், விலை ஏறும்வரை காத்திருந்த லாபம் அவ்வளவும் வண்டுக்கே சேரும். சங்கத்துக்கும் ஈட்டின் பெறுமானம் சுருங்கும். கிடங்குக்குள் வரும் மூட்டை காய்ந்ததா, சாக்கு சாற்றில் முக்கியதா என்று வாசலிலேயே பார்த்து வாங்கும் சங்கமும், அங்கத்தினர் பொறுக்கிவரும் வேப்பங்கொட்டையை விலைக்கு வாங்கிச் செக்கிலாட்டி எண்ணெயாய்த் திருப்பித் தரும் சங்கமும் தங்கள் சொந்த முதலையே காத்துக்கொள்கின்றன.

வேப்பம்பழம் இப்பக்கத்தில் ஆனி, ஆடியில் உதிர்கிறது. மண்ணில் நெடுநாள் கிடந்து காளான் பூத்த கொட்டை உதவாது. உதிர்ந்த இரண்டொரு நாளிலேயே பொறுக்கி, நீரில் பிசைந்து சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள சாக்கிலோ கூடையிலோ வைக்கவேண்டும். பாலிதீன் பையில் கட்டினால் புழுங்கிக் கெடும். மூன்று மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள் உபயோகித்தால் சத்துக் குறையாது. ஆடியில் பொறுக்கிய கொட்டை தை அறுவடைக்குச் சரியான பருவத்தில் இருக்கும்.